பன்னெண்டு காத்து

அத்தியாயம் 5

டிக்சனுக்குப் பயம் வந்துவிட்டால் வாய் நிற்காது. ஆலந்தலைக்குத் தெற்கே, சவுக்குத் தோப்பு தாண்டிய கடற்கரையில் அந்த ஜிப்ஸி வண்டியைப் பார்த்த நிமிஷத்திலிருந்து அவன் பேசிக்கொண்டே இருந்தான்.

"யக்கா, ஆளைக் கடலுக்குள்ள அனுப்பிட்டு இது மட்டும் நல்ல பிள்ளையாட்டம் நிக்குது பாருங்க. எனக்கு வயித்தைக் கலக்குது. காலையில தின்ன இட்லி வேற நாலு."

ஜெபசுதா வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாசரேத்து டீச்சர் வீட்டுப் பெண். பதினோரு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக விபத்து வண்டிகளை மதிப்பிட்டவள். மீட்டர் இருபது காட்டினால் இருபத்தொன்று என்று எழுதமாட்டேன் என்று மேனேஜரோடு மல்லுக்கு நின்று, வேலையை விட்டெறிந்து, தூத்துக்குடி பீச் ரோட்டில் துப்பறியும் ஆபீஸ் போட்டு நாலு வருஷமாகிறது. டிக்சன் அவளுக்கு டிரைவர், உதவியாள், டீ வாங்குகிறவன், எல்லாம்.

ஜிப்ஸி ஆன்டனியுடையது. கடற்கரைக்கும், உப்பளத்துக்கும், உடன்குடிப் பக்கத்துச் செம்மணல் மேடுகளான தேரிக்கும் டூரிஸ்டுகளை ஏற்றிப் போகிறவன். நேற்று விடியும் முன்னே வீட்டை விட்டுக் கிளம்பியவன் திரும்பவில்லை. இன்று காலையில் வண்டி மட்டும் இங்கே நிற்கிறது. சீட்டில் செல்போன், மணலில் ஒரு ஜோடி செருப்பு, பின்னால் தண்ணீர் கேன் வைக்கும் இரும்புச் சட்டம் காலி. குளிக்க இறங்கியவனை அலை இழுத்துவிட்டது என்றார் ஏட்டு இசக்கிராஜா. ஆன்டனியின் மனைவி விஜிலாவும் கண்ணீரே வராமல் அதையேதான் சொன்னாளாம்.

அதை நம்பாதவர் ஒரே ஒருத்தர், கிருபாகரன். ஏற்றுமதிக்காரர். ஆன்டனியோடு தொழில் கூட்டு. ஜெபசுதாவை வேலைக்கு அமர்த்தியவர் அவர்தான். இரண்டு ஆட்களோடு, கொழுத்த டயர் போட்ட புது ஜீப்பில் வந்து இறங்கியிருந்தார்.

"எனக்கு அவன் கூடப்பிறந்தவன் மாதிரி, மேடம். இருக்கானா, இல்லையான்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

சொல்லும்போது அவர் கண் கலங்கியது. நல்ல மனுஷன் என்று டிக்சன் நினைத்துக்கொண்டான்.

வண்டியைச் சுற்றி வந்து டயரில் காத்து அளந்துகொண்டிருந்தார் தாணுலிங்கம் அண்ணாச்சி. ஹார்பர் ரோட்டில் டயர் கடை. கன்டெய்னர் லாரி டயரை இரும்பு லிவரால் ஒரு தட்டு தட்டி, காது கொடுத்துக் கேட்டு, "நூத்திப்பத்து, போ" என்பார். டிரைவர்கள் போய்விடுவார்கள். அவர் சொன்ன காத்தை மீட்டர் வைத்துச் சரி பார்த்தவன் துறைமுகத்தில் ஒருத்தனும் கிடையாது. ஆன்டனிக்கு டயர் மாட்டுவதும் அவர்தான். அதனால் ஏட்டு அவரை வரவழைத்திருந்தார்.

"நாலும் பதினஞ்சு" என்றார் அண்ணாச்சி.

டிரைவர் கதவின் உள்பக்கத்தில் ஆன்டனியின் கையெழுத்து பெயின்ட்டில் இருந்தது. தார் 26. உப்பளம் 18. கடற்கரை 15. தேரி 12. எந்தத் தரையில் இறங்குகிறானோ, அதற்கான காத்தை வைக்காமல் ஆன்டனி ஒரு அடி ஓட்டமாட்டான். ஊரே அதைச் சொல்லிச் சிரிக்கும்.

"கடற்கரைக்குப் பதினஞ்சு. கடற்கரைக்குத்தான் வந்திருக்கான். அம்புட்டுதான்" என்று ஏட்டு நோட்டை மூடினார்.

"இவ்வளவு குறைஞ்ச காத்துல டயர் சப்பிப்போவாதா?" என்று கேட்டாள் ஜெபசுதா.

"ஒரு டன்னு கூட வராத வண்டிம்மா" என்றார் அண்ணாச்சி. தன் தொழிலைப் பற்றிக் கேட்டதும் அவர் குரல் கொஞ்சம் தெளிந்தது. "லேசான வண்டிக்கு லேசான டயர்தான் போடணும். பக்கச் சுவர் மெத்துன்னு இருக்கணும். காத்தை இறக்கினா கால் விரிச்சு மணல் மேல உக்காரும், புதையாது. அந்த ஜீப்பைப் பாருங்க, லாரிக்குப் போடுத மாதிரி கெட்டி டயரு. காத்து இருந்தாலும் இல்லாட்டியும் கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும். பல்லு வேற பெருசு. சேத்துக்கு ஆகும், மணல்ல குழிதான் தோண்டும்."

கிருபாகரன் சிரித்துக்கொண்டார்.

எல்லோரும் டீக்கு ஒதுங்கியதும் ஜெபசுதா பையிலிருந்து தன்னுடைய மீட்டரை எடுத்தாள். சின்னக் கடிகாரம் மாதிரி முகம், பக்கத்தில் முள்ளைப் பூஜ்யத்துக்குத் திருப்ப ஒரு பித்தளைப் பொத்தான். கடல் பக்கத்து இரண்டு டயர்களையும் அளந்தாள். பதினாலு, பதினாலு. தோப்புப் பக்கத்து இரண்டையும் அளந்தாள். பன்னெண்டு, பன்னெண்டு.

"கையை வச்சுப் பாருலே."

டிக்சன் கடல் பக்கத்து டயரைத் தொட்டுவிட்டுக் கையை உதறினான். "சுடுது!"

"அந்தப் பக்கம்?"

வண்டியின் நிழல் விழுந்த பக்கம் ஜில்லென்று இருந்தது.

"வெயில் பட்டதும் ரப்பர் சூடாகி உள்ள இருக்க காத்து ஏறியிருக்கு. ராத்திரியெல்லாம் நாலும் பன்னெண்டாத்தான் இருந்திருக்கு. பன்னெண்டுன்னா எதுலே?"

டிக்சன் கதவைப் பார்த்தான். "தேரி."

"தேரியில இருந்தவன் தார் ரோட்டுக்கு வந்தா இருபத்தாறு வைக்காம ஓட்டுவானா? டயர் ஓரத்தைப் பாரு, தாருல தேஞ்சு நாரா வந்திருக்கு. இதை இங்கன கொண்டுவந்து விட்டது ஆன்டனி இல்ல. ஆன்டனி இன்னும் தேரிக்குள்ளதான் இருக்கான்."

தேரியில் நேற்று காலையிலிருந்து. ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது அந்தச் செம்மண்ணில். வைகாசி வெயில். அப்புறம்தான் டிக்சனுக்கு அடுத்த விஷயம் உறைத்தது. "யக்கா… அப்பம் அண்ணாச்சி ஏன் நாலும் பதினஞ்சுன்னாரு?"

"அதைத்தான் நானும் யோசிக்கேன்" என்று ஜெபசுதா மீட்டரை அவன் சட்டைப் பையில் போட்டாள். "இதைப் பத்திரமா வச்சுக்க. வாயை மூடிக்க. முடிஞ்சா."

அவள் நேரே கிருபாகரனிடம் போனாள். வேலைக்கு வைத்தவரிடம் கண்டுபிடித்ததைச் சொல்வது அவள் வழக்கம். "ஆன்டனி தேரிக்குப் போயிருக்கான். இப்பமே போவணும். தாணுலிங்கம் அண்ணாச்சி, உங்ககிட்டேயும் ஒரு ஜிப்ஸி நிக்குதே. நீங்களே எங்களை உள்ள கூட்டிட்டுப் போங்க."

கிருபாகரனின் முகம் மலர்ந்தது. அண்ணாச்சியின் கையிலிருந்த டீ டம்ளர் கீழே விழுந்தது.

*

உடன்குடி தாண்டி, தார் முடிந்து சிவப்பு மணல் தொடங்குகிற இடத்தில் இரண்டு வண்டிகளும் நின்றன. உச்சிப்பொழுது. கண்ணுக்கு எட்டியவரைக்கும் மேடும் பள்ளமுமாகச் செம்மண், நடுவில் அங்கங்கே பனையும் முந்திரியும். காற்று நேற்றைய தடத்தையெல்லாம் அழித்துவிட்டிருந்தது.

அண்ணாச்சி முதலில் தன் ஜிப்ஸிக்குக் காத்தை இறக்கினார். உஸ்ஸ்ஸென்ற சத்தம் ஒரு டயருக்கு ஒரு நிமிஷத்துக்கு மேல் போயிற்று. பிறகு கிருபாகரனின் ஜீப்புக்கு இறக்கினார். பெரிய டயர், நிறையக் காத்து, ஆனால் சத்தம் டக்கென்று முடிந்துவிட்டது. லிவரால் நாலு தட்டு தட்டினார்.

"ரெண்டு வண்டிக்கும் பன்னெண்டு. நான் முன்னால போறேன், நீங்க என் தடத்திலேயே வாங்க."

டிக்சனுக்கு அந்தச் சத்தம் காதில் உறுத்தியது. செருப்பு வாரை மாட்டுகிற மாதிரி ஜீப்புக்குப் பின்னால் குனிந்து மீட்டரை அழுத்தினான். முள் இருபத்தெட்டில் நின்றது.

சேசுவே!

ஓடி வந்து அண்ணாச்சி ஜிப்ஸியின் பின்சீட்டில் ஏறி, முன்னால் இருந்த ஜெபசுதாவின் காதருகே குனிந்தான். ஜிப்ஸி கிளம்பிவிட்டது.

"யக்கா, ஜீப்புல இருபத்தெட்டு. அது வராது. பொதைஞ்சிரும். நம்மள மட்டும் தனியாக் கூட்டிட்டுப் போறாரு."

ஜெபசுதாவின் கழுத்து அசையவில்லை. ஆனால் கைப்பிடியைப் பிடித்திருந்த அவள் விரல்கள் வெளுத்துப்போனதை டிக்சன் பார்த்தான். யக்காவே பயந்துவிட்டால் நான் யாரைப் பார்த்துத் தைரியமாக இருப்பது என்று அவனுக்கு அழுகை வந்தது.

சொன்ன மாதிரியே ஆயிற்று. மூன்றாவது மேட்டில் ஜிப்ஸி பூனை மாதிரி ஏறி இறங்கியது. பின்னால் ஜீப் உறுமியது, இன்னும் உறுமியது, மணலை வாரி இறைத்தது, அப்படியே அச்சு வரைக்கும் உட்கார்ந்துவிட்டது. கிருபாகரன் ஹார்ன் அடித்தார். அண்ணாச்சி திரும்பியே பார்க்கவில்லை.

"அண்ணாச்சி, ஜீப்பு மாட்டிக்கிட்டு" என்றாள் ஜெபசுதா.

"தெரியும்."

ஹார்ன் சத்தம் தேய்ந்து தேய்ந்து மறைந்தது. நாலு பக்கமும் சிவப்பு மேடு உயர்ந்த ஒரு பள்ளத்தில் அண்ணாச்சி வண்டியை நிறுத்தினார். சாவியை உருவி மடியில் செருகினார். இறங்கினார். சீட்டுக்கு அடியில் கைவிட்டு டயர் லிவரை எடுத்தார். முழங்கை நீள இரும்பு.

"இறங்குங்க ரெண்டு பேரும்."

டிக்சன் எப்படி இறங்கினான் என்றே தெரியாது, ஆனால் ஜெபசுதாவுக்கு முன்னால் போய் நின்றுகொண்டான். அதற்கே அவன் வாழ்நாள் தைரியம் மொத்தமும் செலவாகிவிட்டது.

"நீங்க யாருக்கு வேலை பாக்கிய?" என்று கேட்டார் அண்ணாச்சி. "உண்மையைச் சொல்லணும். அந்தக் கிருபாகரனுக்கா?"

"அண்ணாச்சி, எங்களை விட்டுருங்க" என்று டிக்சனின் வாய் தன் போக்கில் ஓட ஆரம்பித்தது. "நான் ஒண்ணும் பாக்கல. எங்க அம்மைக்கு நான் ஒத்தப்பிள்ளை. நான் செத்தா எங்க கோயில்ல துக்க மணி அடிப்பாவ, கரையில ஒரு போட்டு தொழிலுக்குப் போவாது, மூணு நாளைக்கு ஊரே கடலுக்குள்ள கெடக்கும் என் உடம்பைத் தேடி. நான் செத்தது தேரியிலன்னு தெரியாம பாவம் அவனுவ கடல்ல…"

சட்டென்று நின்றுவிட்டது வாய்.

"யக்கா" என்றான். அவனுக்கே அவன் குரல் வேறு யாருடையதோ போல் கேட்டது. "மணி அடிக்கலையேக்கா!"

"என்ன மணி?"

"எங்க ஆளு ஒருத்தன் கடல்ல போயிட்டான்னா, முதல் வேலை பொண்டாட்டிக்காரி கோயிலுக்கு ஓடுவா. மணி அடிக்கணும். அடிச்சாத்தான் எல்லாப் போட்டும் தேட இறங்கும். காலையில கரையில ஒரு போட்டு இல்லயே! எல்லாரும் மீன் பிடிக்கப் போயிருக்கான். விஜிலாக்கா கடல் கொண்டுட்டுன்னு ஏட்டுகிட்ட சொல்லுதாவ, ஆனா கோயிலுக்குப் போவல. ஏன்? உசிரோட இருக்கவனுக்கு அந்த மணியை எவளும் அடிக்கச் சொல்லமாட்டா."

ஜெபசுதா அண்ணாச்சியையே பார்த்தாள். "ஆன்டனி வண்டியில தண்ணி கேன் வைக்குத சட்டம் காலியாக் கெடந்துச்சு. ஒருத்தனைச் சாவ விட்டுட்டு வாரவன் அவனுக்குத் தண்ணியைக் கொடுத்துட்டு வரமாட்டான். ஒளிச்சு வச்சிருக்கிய, அப்பிடித்தானே?"

லிவர் மணலில் விழுந்தது. தாணுலிங்கம் அண்ணாச்சி அப்படியே உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

"டூரிஸ்ட்டு சாமான்னு சொல்லிக் கிருபாகரன் அவன் வண்டியில ஏத்தினதெல்லாம் பிடிக்கக் கூடாதுன்னு தடை போட்ட கடல் அட்டை மூட்டைம்மா. ஆன்டனி பாத்துட்டான். திங்கட்கிழமை கோர்ட்டுல சொல்லப்போறான். அதுக்கு முன்னால முடிச்சிரணும்னு ஆள் வச்சிட்டாரு. அதான் செத்துப்போன மாதிரி காட்டலாம்னு நெனச்சோம். இங்கன அவனை இறக்கிட்டு வண்டியை நான்தான் கடக்கரைக்கு எடுத்துட்டுப் போனேன். அங்க விடுததுக்கு முன்னால பதினஞ்சு ஏத்தணும். முப்பது வருசமா காத்துதாம்மா எனக்குச் சோறு. நேத்து ராத்திரி பயத்துல காத்து பிடிக்கவே மறந்துட்டேன்."

டிக்சனுக்கு மூச்சு வந்தது. வந்த வேகத்தில் திரும்பவும் நின்றது. கொலைகாரனோடு தனியாக வந்துவிட்டோம் என்று இவ்வளவு நேரம் நடுங்கினானே, கொலைகாரனை மூன்று மேட்டுக்கு அந்தப் பக்கம் அவர்களே கூட்டி வந்து நிறுத்தியிருக்கிறார்கள். தேரி என்று வாயைத் திறந்து சொன்னதே யக்காதான்.

ஜெபசுதாவுக்கும் அது உறைத்துவிட்டது. முகம் சாம்பலாகிவிட்டது. "நான்தான் காட்டிக்கொடுத்திருக்கேன்" என்றாள்.

*

அடுத்த பள்ளத்தில், இந்த வருஷம் யாரும் கருப்பட்டி காய்ச்ச வராத ஒரு ஓலைக் குடிசையில் இருந்தான் ஆன்டனி. உதடு வெடித்து, கண் உள்ளே போய், மடியில் தண்ணீர் கேனைப் பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டு. வண்டிச் சத்தம் கேட்டதும் அவன் ஓடக்கூட இல்லை. கழுத்தில் கிடந்த குருசைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டான். அண்ணாச்சி பேர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் திறந்தான்.

"நேரமில்ல" என்றாள் ஜெபசுதா. "நம்ம தடம் அழிய சாயங்காலம் ஆவும். அதுக்குள்ள அவனுவ நடந்து வந்தா முடிஞ்சுது. ஆன்டனி செத்துட்டான்னு கிருபாகரன் இப்பமே நம்பணும்."

டிக்சன் மேட்டின் உச்சிக்கு ஏறி, சிக்னல் ஒரு கோடு வந்ததும் விஜிலாவுக்குப் போன் போட்டான்.

"விஜிலாக்கா, கோயிலுக்குப் போய் மணி அடிக்கச் சொல்லுங்க."

"என்னலே பேசுத? அவரு இருக்காருலே!" அந்தப் பக்கம் குரல் உடைந்தது. "உசிரோட இருக்க மனுசனுக்கு எப்பிடிலே அடிப்பேன்? அடிச்சா பலிச்சிருமேலே. நான் மாட்டேன்."

கூடவே ஏறி வந்த ஆன்டனி போனை வாங்கினான். "ஏளா, அடிக்கச் சொல்லு. எனக்கு ஒண்ணும் ஆவாது." அவனுக்கே அதில் நம்பிக்கை இல்லை என்பது அவன் கண்ணில் தெரிந்தது. "எனக்காக எல்லாவனும் தொழிலை விட்டுட்டு இறங்குவானுவ. பொறவு கால்ல விழுந்து மன்னிப்புக் கேட்டுக்கிடுவோம். போ ளா."

போன் கட்டாகிவிட்டது. போவாளா, மாட்டாளா, யாருக்கும் தெரியவில்லை.

*

ஆன்டனியைக் குடிசையிலேயே விட்டுவிட்டு அவர்கள் மூன்று பேரும் திரும்பி வந்தபோது கிருபாகரன் ஜீப்பை விட்டு இறங்கி நின்றிருந்தார். ஆட்கள் இருவரும் ஜிப்ஸியின் தடத்தைப் பார்த்தபடி நடக்கத் தயாராக இருந்தார்கள். ஒருத்தன் இடுப்பில் சட்டை துருத்திக்கொண்டிருந்தது.

"ஆன்டனி?"

"உள்ள யாருமில்ல" என்றாள் ஜெபசுதா.

"அப்பிடியா?" கிருபாகரன் கண் கலங்கவில்லை இப்போது. "ரொம்ப தூரம் போயிட்டு வந்த மாதிரி இருக்கே. நாங்களும் ஒரு நடை போய்ப் பாத்துட்டு வாரோம்."

அவர் ஒரு எட்டு வைத்தார். டிக்சன் மனசுக்குள் வேண்டிக்கொண்டான். மாதாவே, விஜிலாக்காவைக் கோயிலுக்கு அனுப்பு. மாதாவே.

கிருபாகரனின் போன் அடித்தது.

எடுத்துக் கேட்டார். "எப்பம்? … கோயில் சாமியாரே சொல்லிட்டாரா? … எத்தனை போட்டு?" அந்தப் பக்கத்துச் சத்தம் போனைத் தாண்டி வெளியே கசிந்தது. ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டு விட்டு, மணி. அதற்கு மேலே ஒரு பெண்ணின் ஒப்பாரி. அது நடிப்பு மாதிரியே இல்லை.

டிக்சன் வாய்விட்டு அழுதுவிட்டான். இவ்வளவு நேரத்துப் பயமும் கண் வழியாகக் கொட்டியது. துக்கம் என்று நினைத்துக் கிருபாகரன் அவன் தோளில் தட்டிக்கொடுத்தார்.

"கடல்தான் எடுத்திருக்கு, பாவம்" என்றார் கிருபாகரன். முகத்தில் ஒரு நிம்மதி வந்து உட்கார்ந்தது. ஆட்களுக்குக் கண்ணைக் காட்டினார். ஒருத்தன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். ஆனால் ஜீப்பைப் பார்த்ததும் அவர் புருவம் சுருங்கியது.

"அண்ணாச்சி, பன்னெண்டுன்னு சொன்னீரு. உம்ம வண்டி போவுது. என் வண்டி மட்டும் ஏன் பொதைஞ்சுது?"

அண்ணாச்சி சீட்டுக்கு அடியில் கைவிட்டுத் துழாவினார். அவர் லிவர் பள்ளத்திலேயே கிடந்தது, தட்டிக் காட்டக்கூட கையில் ஒன்றுமில்லை.

"மேடம்" என்றார் கிருபாகரன். "நீங்க பொய் சொல்லமாட்டீங்கன்னு கேள்விப்பட்டுத்தான் உங்ககிட்ட வந்தேன். நீங்க அளந்து சொல்லுங்க."

ஜெபசுதா டிக்சனிடம் கையை நீட்டினாள். அவன் மீட்டரைக் கொடுத்தான். அவள் பின் டயர் பக்கத்தில் மண்டியிட்டு, வால்வில் அழுத்தினாள். டிக்சன் நின்ற இடத்திலிருந்து முள் நன்றாகத் தெரிந்தது. இருபத்தெட்டு. கிருபாகரனின் நிழல் அவள் முதுகுக்கு மேலே குனிந்து வந்தது.

அவள் கட்டைவிரல் பித்தளைப் பொத்தானை அழுத்தியது. முள் பூஜ்யத்துக்கு விழுந்தது. எழுந்து, முழங்காலில் ஒட்டிய செம்மண்ணைத் தட்டினாள்.

"பன்னெண்டு" என்றாள் ஜெபசுதா. "காத்துல தப்பில்ல, சார். வண்டிக்கு ஏத்த டயர் இல்ல."